தோலும் மூட்டும் ஒரே நோய்: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சொரியாசிஸ் வழிகாட்டி

மதுரையிலிருந்து ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டுக்கு நான் வந்தது ஒரு பிப்ரவரி மாதம். முழங்கையிலும் தலையிலும் சொரியாசிஸ் என்ற செதிலுதிரும் தோல் நோய் அதற்கு எட்டு வருடம் முன்பே வந்திருந்தது. ஜூனில் இங்கே குளிர் தொடங்கியதும் படை இடுப்பு வரை இறங்கியது. ஜூலையில் வலது கை நடுவிரல் நுனி முதல் அடி வரை வீங்கி, தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாமல் போனது. அந்த விரலுக்கு வந்திருப்பது என்ன நோய் என்று ஒரு காகிதத்தில் எழுதி வாங்க எனக்குப் பதினொரு மாதம் ஆயிற்று.

அந்தப் பதினொரு மாதத்தில் யாரும் என்னை வேண்டுமென்று அலைக்கழிக்கவில்லை. தோலைக் காட்டிய இடத்தில் மூட்டைப் பற்றி நான் பேசவில்லை, மூட்டைக் காட்டிய இடத்தில் தோலைப் பற்றிப் பேசவில்லை. இரண்டும் ஒரே நோய் என்பது எனக்குத் தெரியாது. சொரியாசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மூட்டுப் பாதிப்பும் வருகிறது. பெரும்பாலும் தோலில் தோன்றிப் பல வருடம் கழித்தே மூட்டுக்கு வரும். அதற்குப் பெயர் சொரியாடிக் ஆர்த்ரைட்டிஸ். சிகிச்சை ஆறு மாதம் தள்ளிப்போனாலே மூட்டில் நிரந்தரத் தேய்மானம் வரக்கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. என் நடுவிரல் இன்றும் முழுதாக மடங்காது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. ஊரை விட்டுக் கிளம்பும் முன் வாங்க வேண்டிய காகிதங்கள்

உங்கள் தோல் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். நோயின் பெயர், எந்த ஆண்டு தொடங்கியது, இதுவரை எடுத்த மருந்துகள், ஒவ்வொன்றையும் எத்தனை மாதம் எடுத்தீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தக் கடைசி விவரத்தை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். விலை கூடிய மருந்துக்கு இங்கே அனுமதி கேட்கும்போது, "சாதாரண மருந்துகளை முயன்று பார்த்தீர்களா, எவ்வளவு காலம்?" என்பதுதான் முதலில் வரும் கேள்வி. ஊரில் ஆறு மாதம் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிட்டும் பலன் இல்லை என்பதற்குக் காகிதம் இல்லாவிட்டால், அந்த ஆறு மாதத்தை இங்கே மறுபடி வாழ வேண்டியிருக்கும்.

தோல் சதை எடுத்துப் பார்த்த பயாப்சி அறிக்கை, பழைய எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனைகள் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் படம் எடுத்து மின்னஞ்சலிலும் போட்டுவையுங்கள்.

மருந்து கொண்டுவருவதில் கவனம் வேண்டும். சொந்த உபயோகத்துக்கு ஒரு மாதத் தேவை வரை கொண்டுவரலாம். அதற்கு மேல் என்றால் மருத்துவரின் கடிதமோ சான்றளித்த மருந்துச் சீட்டோ கையில் இருக்க வேண்டும். பார்சலில் அனுப்பச் சொல்லாதீர்கள், சுங்கத்தில் நின்றுவிடும். ஊரில் மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் கடுமையான ஸ்டீராய்டு களிம்புகள் இங்கே சீட்டு இல்லாமல் கிடைக்காது. அதற்காகப் பத்து டியூப் வாங்கி அடுக்கிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். பூஞ்சைக்கும் படைக்கும் சேர்த்து விற்கும் அந்தக் கலவைக் களிம்பு வேண்டவே வேண்டாம். அது தோலை மெலியவைக்கும், நோயின் முகத்தையும் மாற்றிவிடும். அப்புறம் இங்குள்ள மருத்துவரால் பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியாது.

2. மெடிக்கல் எய்ட் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்

இங்கே தனியார் மருத்துவமனைக்குப் போக வழி, மாதச் சந்தா கட்டிச் சேரும் மருத்துவச் செலவுத் திட்டமான மெடிக்கல் எய்ட்தான். முதலில் ஒரு எச்சரிக்கை. "ஹெல்த் இன்சூரன்ஸ்", "ஹாஸ்பிடல் கேஷ்" என்ற பெயரில் மலிவாக விற்பவை மெடிக்கல் எய்ட் அல்ல. அவற்றில் பலவற்றில், மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று தருவார்கள், அவ்வளவுதான். சொரியாசிஸுக்குப் படுக்கையில் கிடப்பவர்கள் குறைவு. நமக்கு வேண்டியது வெளிநோயாளிச் செலவு. நீங்கள் சேரும் திட்டம், மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலில் பதிவானதா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படிவத்தில் பழைய நோய்களைக் கேட்பார்கள். பயந்து மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் உறுப்பினர் பதவியையே ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது. உண்மையை எழுதினால் என்ன ஆகும்? புதிதாகச் சேருபவருக்கு மூன்று மாதப் பொதுக் காத்திருப்பு போடலாம். அதற்குமேல், விண்ணப்பத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரை பணம் தர மறுக்கலாம். அந்தக் காலத்துச் செலவு உங்கள் கையிலிருந்துதான். ஆகவே வந்து இறங்கிய மாதமே சேருங்கள். காத்திருப்பு எப்படியும் ஓட வேண்டும் என்றால் அது சீக்கிரம் ஓடத் தொடங்கட்டும். கணவரோ மனைவியோ வேலை செய்யும் நிறுவனத்தின் குழுத் திட்டம் என்றால் சில சமயம் இந்தக் காத்திருப்பையே தள்ளுபடி செய்வார்கள். ஆனால் வேலையில் சேரும்போதே கேட்க வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது.

35 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னொன்று உண்டு, தாமதமாகச் சேர்ந்ததற்கான கூடுதல் கட்டணம். 35 வயதுக்குப் பிறகு இங்குள்ள திட்டத்தில் இல்லாமல் கழிந்த வருடங்களை எண்ணுவார்கள். ஒன்று முதல் நான்கு வருடம் என்றால் மாதச் சந்தாவில் 5 சதவீதம், ஐந்து முதல் பதினான்கு என்றால் 25 சதவீதம் வரை, பதினைந்து முதல் இருபத்துநான்கு என்றால் 50, அதற்கு மேல் 75. இந்தியாவில் கட்டிய காப்பீட்டை இதில் கணக்கில் எடுக்க மாட்டார்கள். நான் 37 வயதில் சேர்ந்ததால் 5 சதவீதத்தோடு தப்பித்தேன். "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று 39 வயதில் தள்ளிப்போட்டு, 40 ஆனதும் போய் நிற்பவருக்கு அது 25 ஆகிவிடும்.

எந்தத் திட்டம்? எல்லா மெடிக்கல் எய்டும் கட்டாயம் பணம் தந்தாக வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியல் ஒன்று சட்டத்தில் இருக்கிறது. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற வேறொரு மூட்டழற்சி நோய் அதில் உண்டு. சொரியாசிஸ் இல்லை, சொரியாடிக் ஆர்த்ரைட்டிஸும் இல்லை. சில திட்டங்களின் மேல்படிகளில் (சந்தா கூடிய வகைகளில்) மட்டும் கூடுதல் பட்டியல் வைத்து இவற்றைச் சேர்த்திருப்பார்கள். ஆகவே விற்பனையாளரிடம் "நாள்பட்ட நோய்க்கு உண்டா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "உண்டு" என்றுதான் பதில் வரும். இந்த இரண்டு நோயின் பெயரையும் சொல்லி, எந்தப் பட்டியலில், மாதம் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

படி மாற்ற நினைத்தால் ஜனவரி முதல் தேதிக்குத்தான் பொதுவாக மாற்ற முடியும். அதற்கான விண்ணப்பத்தை அதற்கு முந்தைய மாதங்களிலேயே வாங்கிவிடுவார்கள். அக்டோபரில் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். சேமிப்புக் கணக்கு உள்ள திட்டங்களில் அந்தப் பணம் ஜனவரியில் நிறைந்து ஆண்டின் நடுவில் தீர்ந்துவிடும். நம் நோய் முற்றுவதோ ஜூன், ஜூலை, ஆகஸ்ட். முதல் வருடம் என் சேமிப்பு மே மாதமே காலி. இப்போது சின்னச் செலவுகளுக்கு அதைத் தொடாமல் குளிர்காலத்துக்கு வைத்திருக்கிறேன்.

3. ஆறு வாரம் ஒரு நோட்டுப் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

மருத்துவர் நம்மைப் பார்ப்பது பதினைந்து நிமிடம். நோய் நம்மோடு இருப்பது மீதி நேரம் முழுதும். அந்த மீதி நேரத்தை அவருக்குக் காட்ட நம்மிடம் வேறு வழி இல்லை. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நாம் "பரவாயில்லை டாக்டர்" என்போம். அது நம் பழக்கம். அவரும் "பரவாயில்லை" என்றே எழுதிவைப்பார். அடுத்த வருடம் மெடிக்கல் எய்ட் அந்த வரியை எடுத்துக்காட்டி, இவருக்கு விலை கூடிய மருந்து தேவையில்லை என்று சொல்லும். எனக்கு அப்படி நடந்தது.

நோட்டில் தினமும் இரண்டு வரி போதும். காலையில் எழுந்ததும் கை கால் விறைப்பு எத்தனை நிமிடம்? அரை மணிக்கு மேல் நீடித்து, நடமாடினால் குறைகிறது என்றால் அது அழற்சி மூட்டுவலியின் குணம். தேய்மான வலி பெரும்பாலும் நேர்மாறாக, உழைக்க உழைக்கக் கூடும். இரவு அரிப்பால் எத்தனை முறை விழித்தீர்கள்? எந்த விரல், எந்தக் குதிகால்? அன்றைக்கு எதைச் செய்ய முடியாமல் விட்டீர்கள்?

கடைசிக் கேள்விக்கு என் நோட்டில் இருந்தவை: குழந்தையின் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. கறுப்பு ரவிக்கை போடவில்லை, தோளில் செதில் விழும். நீச்சல் வகுப்பில் மற்ற அம்மாக்களோடு உட்காராமல் காருக்குள் இருந்தேன். விருந்துக்கு வரச் சொன்ன வீட்டில் படுக்கை விரிப்பை அழுக்காக்கிவிடுவேனோ என்று இரவு தங்காமல் திரும்பினோம். தைலம், குளியல், களிம்பு, செதில் பெருக்குவது எல்லாம் சேர்த்துத் தினமும் ஒரு மணி பத்து நிமிடம்.

இதையெல்லாம் டாக்டரிடம் சொல்வதா என்று கூச்சப்படாதீர்கள். இந்தச் சுமையை அளக்கவே தோல் மருத்துவர்கள் பத்துக் கேள்வி கொண்ட ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள். கடந்த ஒரு வாரத்தைப் பற்றிய கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். பத்துக்கு மேல் போனால் நோய் வாழ்க்கையைப் பெரிதும் பாதிக்கிறது என்று பொருள். உங்கள் மருத்துவர் அதைத் தராவிட்டால் நீங்களே கேளுங்கள். ஒவ்வொரு முறையும் மதிப்பெண்ணைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.

படமும் எடுங்கள். படை மோசமாக இருக்கும் நாளில் சன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஐந்து ராண்ட் நாணயம் வைத்து. விரல் வீங்கிய அன்றே விரலையும் எடுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் வீக்கம் வற்றியிருக்கும். நம் நிறத் தோலில் படை புத்தகத்தில் காட்டும் இளஞ்சிவப்பாக இருக்காது. கருஞ்சிவப்பாக, சாம்பல் பூத்ததுபோல, சில சமயம் ஊதா கலந்து தெரியும். ஆறினாலும் கரிய தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். அது தழும்பா, இன்னும் இருக்கும் நோயா என்று பிரித்தறிய அந்தப் படங்கள் உதவும்.

4. ஜி.பி.யைப் பார்க்கும் நாள்

பெரும்பாலான திட்டங்களில் முதலில் ஜி.பி.யை, அதாவது பொது மருத்துவரைப் பார்த்துப் பரிந்துரைக் கடிதம் வாங்கினால்தான் நிபுணருக்குப் பணம் கிடைக்கும். திட்டத்தின் வலையமைப்பில் உள்ள ஜி.பி.தானா என்று முன்பே கேளுங்கள். நான் கொடுத்தது ஒரு வருகைக்கு 550 ராண்ட்.

உட்கார்ந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "எனக்குச் சொரியாசிஸ் இருக்கிறது, இப்போது மூட்டும் வலிக்கிறது." இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். நான் விரலை மட்டும் நீட்டினேன். யூரிக் அமிலம் கொஞ்சம் கூடியிருந்ததால், அந்த அமிலத்தால் வரும் கௌட் என்ற மூட்டுவலி என்று நான்கு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு யூரிக் அமிலம் கூடுவது உண்டு என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

மூட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டுமா என்று தீர்மானிக்க ஐந்து கேள்விகளை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். எப்போதாவது மூட்டு வீங்கியதா? மூட்டழற்சி என்று முன்பு எந்த மருத்துவராவது சொன்னாரா? நகங்களில் ஊசியால் குத்தியதுபோலக் குழி உண்டா? குதிகாலில் வலி வந்ததா? காரணமே இல்லாமல் ஒரு விரல் முழுதும் வீங்கி வலித்ததா? மூன்றுக்கு "ஆம்" என்றால் அனுப்ப வேண்டும். இந்த ஐந்தையும் விடையோடு எழுதி எடுத்துப்போய் மேசையில் வையுங்கள். நகப்பூச்சு இருந்தால் முந்தின நாளே அழித்துவிடுங்கள்.

ரத்தத்தில் ருமட்டாய்டு ஃபேக்டர் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸுக்காகப் பார்க்கும் ஒரு பொருள்) இல்லை என்று வந்தால் "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. இந்த மூட்டுநோயில் அந்தப் பரிசோதனை பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். எனக்கும் அப்படித்தான்.

வலிக்கும் படைக்கும் சேர்த்து ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று யாராவது கேட்டால் யோசியுங்கள். உள்ளுக்குப் போகும் ஸ்டீராய்டு இரண்டு வாரம் அற்புதமாக இருக்கும். நிறுத்தியதும் படை பல மடங்காகத் திரும்பலாம், சீழ்க்கொப்புளமாகவும் வெடிக்கலாம். உங்களுக்குச் சொரியாசிஸ் என்பது ஊசி போடுபவருக்குத் தெரிய வேண்டும்.

5. நிபுணர்கள், செலவு, அந்த ஒரு எழுத்தும் எண்ணும்

தோல் மருத்துவரைப் பார்க்க எனக்கு ஐந்து வாரம் ஆனது, மூட்டு மருத்துவரைப் பார்க்க ஒன்பது வாரம். நாட்டில் மூட்டு மருத்துவர்கள் மிகக் குறைவு. இரண்டுக்கும் ஒரே நாளில் தொலைபேசியில் பதிவு செய்துவிடுங்கள், ஒருவரைப் பார்த்துவிட்டு மற்றவரைத் தேடத் தொடங்கினால் குளிர்காலமே போய்விடும். ரத்து செய்பவர்களின் இடம் கிடைக்குமா என்று காத்திருப்போர் பட்டியலிலும் பெயரைக் கொடுங்கள். முதல் வருகைக்கு நான் தோல் மருத்துவருக்கு 1,400, மூட்டு மருத்துவருக்கு 2,100 ராண்ட் கொடுத்தேன். மெடிக்கல் எய்ட் திருப்பித் தந்தது அதில் பாதிக்குச் சற்று மேல்தான். மருத்துவர்கள் திட்டத்தின் விகிதத்தைவிடக் கூடுதலாகக் கேட்கலாம், வித்தியாசம் நம் தலையில். பதிவு செய்யும்போதே "ஸ்கீம் ரேட் வாங்குகிறீர்களா?" என்று கேளுங்கள்.

இங்கே ஒவ்வொரு ரசீதிலும் நோய்க்கு ஒரு குறியீடு இருக்கும். தோலில் வரும் சாதாரணப் படைச் சொரியாசிஸுக்கு எல் 40.0. மூட்டோடு சேர்ந்தால் எல் 40.5. பணம் வருவதும் வராததும் பெரும்பாலும் இந்தக் குறியீட்டில்தான் இருக்கிறது. என் முதல் இரண்டு ரசீதில் வெறும் தோலழற்சிக்கான எல் 30.9 போட்டிருந்தார்கள். மூன்றாவதில் மூட்டுவலி என்று மட்டும் இருந்தது. நாள்பட்ட மருந்துக்கான விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. வரவேற்பு மேசையை விட்டு நகரும் முன் ரசீதைப் பாருங்கள், தவறென்றால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். பிறகு மாற்றுவதற்கு எனக்கு ஏழு தொலைபேசி அழைப்புகள் ஆயின.

மெடிக்கல் எய்ட் மறுத்தால் அதோடு விடாதீர்கள். மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். மருத்துவரிடம் விளக்கக் கடிதம் வாங்கி, நோட்டின் பிரதியையும் படங்களையும் சேர்த்து முறையீடு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலுக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

6. மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்கு

வீட்டுக்கு அருகிலுள்ள அரசு கிளினிக்கில் தொடங்க வேண்டும். மெடிக்கல் எய்ட் இல்லாதவர்களுக்கு ஆரம்ப சிகிச்சை அங்கே இலவசம். அங்கே கொடுக்கும் கடிதத்தோடு மாவட்ட மருத்துவமனை, அங்கிருந்து பெரிய மருத்துவமனையின் தோல் பிரிவு. டர்பன் பக்கம் இருப்பவர்களுக்குச் சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் மருத்துவமனை, ஃபீனிக்ஸில் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை. ஜோகன்னஸ்பர்க்கில் ஹெலன் ஜோசப், சார்லட் மக்ஸேகே. கடிதம் இல்லாமல் நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள், ஒரு நாள் வீண்.

மருத்துவமனையில் கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. பாஸ்போர்ட், விசா, வீட்டு முகவரிச் சான்று, மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் பிரதியோடு கொண்டுபோங்கள். அவற்றைப் பார்த்துத்தான் எந்தக் கட்டண வகுப்பு என்று முடிவு செய்வார்கள். விசா முடிந்திருந்தாலோ புதுப்பிக்கப் போட்டிருந்தாலோ அந்த ரசீதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதிகாலையே போய்விடுங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். களிம்பு, தார் மருந்து, மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றுக்கு இந்த வழி போதும். விலை கூடிய உயிரியல் ஊசிகள் (எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியை அடக்கும் பயாலஜிக் மருந்துகள்) இங்கே எளிதில் கிடைக்கும் என்று எதிர்பார்த்துக் காலம் கடத்தாதீர்கள்.

7. உள்ளுக்கு மருந்து தொடங்கும் முன்

மெத்தோட்ரெக்சேட் மலிவான மருந்து, தோலுக்கும் மூட்டுக்கும் சேர்த்து வேலை செய்யும். ஆனால் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. நான் வெள்ளி இரவு என்று வைத்திருக்கிறேன், சனிக்கிழமை அசதியாக இருந்தால் படுத்திருக்கலாம். நாட்காட்டியில் அந்தக் கட்டத்தில் மட்டும் "மெ" என்று எழுதி, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். ஃபோலிக் அமில மாத்திரை வேறு நாளில். கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பரிசோதனை தவறக் கூடாது. மது கூடாது. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். பல மாதம் முன்பே நிறுத்த வேண்டிய மருந்து இது. அசிட்ரெட்டின் என்ற இன்னொரு மாத்திரையை நிறுத்திய பிறகும் மூன்று வருடம் கருத்தரிக்கக் கூடாது.

உயிரியல் ஊசி என்றால் முதலில் காசநோய்ப் பரிசோதனை. உடலுக்குள் உறங்கும் காசநோய் இந்த ஊசியால் விழித்துக்கொள்ளலாம், நாம் வந்ததும் வாழ்வதும் காசநோய் மிகுந்த நாடுகளில். ஊரில் சிறுவயதில் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசியால், கையில் குத்திப் பார்க்கும் பரிசோதனை தவறாக "உண்டு" என்று காட்டக்கூடும். ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை, அதைக் கேளுங்கள். ஊசி தொடங்கிய பிறகு உயிர்த் தடுப்பூசிகள் கூடாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் அந்த வகைதான். வேலை நிமித்தம் ஆப்பிரிக்காவின் பிற நாடுகளுக்குப் போகிறவர்கள் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

வெட்பாலைத் தைலம் நானும் தடவியிருக்கிறேன், இதமாக இருந்தது. தடவுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஊரிலிருந்து வரும் பெயர் தெரியாத சூரணங்களை மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்த்து உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம், இரண்டின் பாரமும் கல்லீரலில் விழும். ரத்த அழுத்தத்துக்குப் புதிதாக மாத்திரை எழுதினால் சொரியாசிஸ் இருப்பதைச் சொல்லுங்கள், பீட்டா பிளாக்கர் வகை சிலருக்குப் படையைக் கிளப்பும். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் வருடம் ஒருமுறை பாருங்கள். இந்த நோயோடு அவையும் சேர்ந்து வருவது வழக்கம்.

மருந்துச் சீட்டு அதிகபட்சம் ஆறு மாதம் செல்லும். ஐந்தாவது மாதமே அடுத்த வருகைக்குப் பதிவு செய்யுங்கள்.

8. ஹைவெல்ட் குளிரும் களிம்பும்

டர்பனில் இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம், கடல் ஈரம் அவர்களுக்குக் கொஞ்சம் துணை. ஹைவெல்ட் என்ற மேட்டுநிலத்தில் உள்ள ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியாவில் குளிர்காலத்தில் மழையே இருக்காது, காற்று சருகாகக் காயும். மே மாதமே தொடங்கிவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் குறுகிய குளியல், துடைத்த மூன்று நிமிடத்துக்குள் களிம்பு. மருந்துக்கடையில் "யூ.ஈ." என்று கேட்டால் பெரிய டப்பாவில் எமல்சிஃபையிங் ஆயின்ட்மென்ட் மலிவாகத் தருவார்கள். அக்வியஸ் கிரீமைச் சோப்புக்குப் பதிலாகத் தேய்த்துக் கழுவலாம், பூசி அப்படியே விட்டால் சிலருக்கு எரியும்.

பலரும் சொல்லாத ஒன்று. இந்த எண்ணெய்ப் பசைக் களிம்புகள் துணியில் ஊறினால் துணி எளிதில் தீப்பற்றும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. குளிருக்குக் கேஸ் ஹீட்டர் பக்கம் ஒட்டி உட்காருவோம், காலையில் விளக்கேற்றுவோம். களிம்பு பூசிய கையோடும் அந்தச் சேலையோடும் நெருப்பருகே போகாதீர்கள். நான் விளக்கேற்றிய பிறகே களிம்பு பூசுகிறேன்.

9. வேலை, விடுப்பு, வரி

ஐந்து நாள் வேலை செய்பவருக்கு மூன்று வருடச் சுற்றுக்கு 30 நாள் சம்பளத்தோடு நோய்விடுப்பு. முதல் ஆறு மாதத்தில் மட்டும் 26 வேலை நாளுக்கு ஒரு நாள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போனாலோ எட்டு வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் எடுத்தாலோ சான்றிதழ் கேட்கலாம். நம் நோயில் ஒரு நாள், இன்னொரு நாள் என்று எடுப்போம், அந்த எட்டு வாரக் கணக்கில்தான் மாட்டுவோம். சான்றிதழில் நோயின் பெயரை உங்கள் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. ஆனால் வேலையில் சலுகை வேண்டும் என்றால், காலை விறைப்புக்காக ஒரு மணி தாமதமாக வருவது போல, அப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். மருத்துவர் கடிதத்தோடு மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு பிறகு நினைவில் நிற்காது.

சீட்டோடு வாங்கிய மருந்து, மருத்துவர் கட்டணம் என்று திரும்பி வராத ரசீதுகளை மார்ச் முதல் பிப்ரவரி வரை ஒரு உறையில் போடுங்கள். வருமானத்தில் குறிப்பிட்ட பங்குக்கு மேல் போனால் வரிக்கழிவு உண்டு. சீட்டில்லாமல் வாங்கிய களிம்பு கணக்கில் வராது.

10. வீட்டிலும் கோயிலிலும்

இது ஒட்டுநோய் அல்ல. தொட்டாலும், ஒரே தட்டில் உண்டாலும், ஒரே படுக்கையில் படுத்தாலும் வராது. முதல் வருடம் ஒரு வீட்டில் நான் நீட்டிய பிரசாதத்தை ஒருவர் வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்றிரவு அதைப் பற்றி என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. இப்போது முழங்கையை மறைக்காமல், யாராவது உற்றுப் பார்த்தால் நானே சொல்லிவிடுகிறேன்: "சொரியாசிஸ், ஒட்டாது." ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் நாலாம் தலைமுறைத் தமிழ் ஆன்ட்டி ஒருவரிடம் அப்படிச் சொன்னபோது, அவர் தன் தலையில் இருந்த துணியை நகர்த்தி முன்நெற்றி ஓரத்தைக் காட்டினார். நாற்பது வருடமாக இருக்கிறதாம்.

மனம் தளர்ந்து, தூக்கமோ பசியோ இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதையும் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். சாடாக் என்ற மனநல உதவி அமைப்பு தொலைபேசியில் இலவசமாகப் பேசுகிறது.

தைப்பூசக் காவடிக்கு இங்கே அலகு குத்துபவர்கள் அதிகம். சொரியாசிஸ் உள்ள தோலில் காயம் பட்ட இடத்தில், ஒன்றிரண்டு வாரத்தில் புதுப் படை எழக்கூடும். மொட்டை போடும்போது கத்தி கீறினாலும் அப்படித்தான். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருப்பவர்களுக்குக் கிருமித்தொற்று பயமும் உண்டு. அலகுக்கு நேர்ந்துகொண்டவர்கள் பூசாரியிடம் பேசிப் பால்குடமாக மாற்றிக்கொள்ளலாம், நான் கேட்டபோது அவர் உடனே சரி என்றார். குடத்தின் கழுத்தை நடுவிரல் இல்லாமல் மற்ற விரல்களால் எப்படிப் பிடிப்பது என்று முந்தின வாரம் வீட்டில் தண்ணீர் வைத்துப் பழகிக்கொண்டேன்.